நாற்பத்தொரு நாட்டு விடுமுறைப் பட்டியல்

அந்தத் தெருவில் அவளுக்கு லீவக்கா என்று பெயர். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுக்காதவளுக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி. கேலிக்கு வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்தாள். உலகத்தில் எந்த நாடு எந்தத் தேதியில் கதவைச் சாத்தும், எப்போது திறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

தூதரகங்கள் வரிசையாக இருக்கும் பெரிய சாலைக்குப் பின்பக்கத் தெரு அது. வெளிநாடு போகிறவர்களின் படிப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், சம்மதக் கடிதம் என்று எதை எடுத்துக்கொண்டு வந்தாலும் மொழிபெயர்த்து, நகலெடுத்து, உரிய தூதரகத்தில் கொடுத்து முத்திரை வாங்கித் தருவதுதான் தெரு முழுக்கப் பிழைப்பு. காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஆளைக் கவிழ்க்கிற சங்கதி அதில் ஒன்று உண்டு. அதுதான் விடுமுறை. தூதரகம் தன் நாட்டு விடுமுறைக்கும் மூடும், நாம் இருக்கிற நாட்டின் விடுமுறைக்கும் மூடும். இரண்டும் அடுத்தடுத்து விழுந்து நடுவில் சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் ஒரு வாரம் அம்போ.

அதிலும் எல்லா விடுமுறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. பிறை பார்த்து வரும் பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்கிக்கொண்டே போகும். பிறை கண்ணில் பட்டால் நாளை, படாவிட்டால் நாளை மறுநாள். ஈஸ்டர் என்றால் மேற்குச் சபைக்கு ஒரு கணக்கு, கிழக்குச் சபைக்கு ஒரு கணக்கு. சில நாடுகளின் வருஷப்பிறப்பு நிலவைப் பார்த்து வரும், சில நாடுகளில் பகலும் இரவும் சமமாகும் நாளைப் பார்த்து வரும். ராஜாவின் பிறந்தநாள் ஞாயிறில் வந்தால் ஒரு நாட்டில் முன்னால் நகர்ந்து சனிக்கிழமைக்குப் போகும், இன்னொரு நாட்டில் பின்னால் நகர்ந்து திங்களுக்கு வரும். ராஜா செத்துவிட்டால் பிறந்தநாளே மாறிவிடும்! போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போகிறவன் பூட்டின கதவில் முட்டிக்கொண்டுதான் வருவான்.

அதனால் திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்ததும் அவளுடைய முதல் காரியம் நாற்பத்தொரு தூதரகத்துக்கும் போன் போடுவது. எடுக்கிறவர்களுக்கெல்லாம் அவள் குரல் தெரியும். "என்ன, எங்க நாட்ல ஏதாச்சும் லீவு விட்டுட்டாங்களான்னு பாக்கறீங்களா?" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மாதத்தின் கடைசி வேலைநாள் சாயங்காலம் அடுத்த மாதப் பட்டியலை எழுதி, மாறிய தேதிகளைச் சிவப்பு மையால் குறித்து, அலுவலகக் கண்ணாடிக் கதவில் தெருவைப் பார்க்க ஒட்டிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் அதில் ஒரு தேதி பிசகியதில்லை.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முதலாளி, "அந்தம்மாவுக்கு வேலை மேல பக்தி" என்பார். பக்தியாம்! அவளுக்கு இருந்தது சுத்தமான வன்மம். அது எதிர் அலுவலகத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் வெளிநாட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். இருபத்தாறு வயது அவளுக்கு, இடுப்பில் மூன்று வயது மகள். உடலை அனுப்ப வேண்டுமென்றால் மனைவியின் சம்மதக் கடிதத்தில் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வேண்டும் என்றார்கள். ஒரு பெரிய ஏஜென்சிக்குப் போனாள். கவுன்டரில் டை கட்டிய ஆள் ஒருவன். மணி பதினொன்றேகால். தூதரகத்தில் பன்னிரண்டரை வரைக்கும் காகிதம் வாங்குவார்கள், பத்து நிமிஷ நடைதான். அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தான், காகிதத்தைத் திருப்பித் தள்ளினான், "நாளைக்கு வாங்க" என்றான். அவளும் போய்விட்டாள். வேறென்ன செய்வாள், அழுது அழுது கண்ணே தெரியவில்லை அவளுக்கு.

மறுநாள் தூதரகம் பூட்டியிருந்தது. அந்த நாட்டுத் தேசிய தினம், அதற்கு மறுநாள் ஒரு பெருநாள், அப்புறம் சனி ஞாயிறு, அப்புறம் விட்டுப்போன விடுமுறைக்குப் பதில் விடுமுறை. ஐந்து நாள். "நேத்தே வாங்கியிருக்கலாமே சார்" என்று கேட்டதற்கு அந்த ஆள், "லீவுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நானா லீவு விடறேன்?" என்று சொன்னான். பெட்டி வந்து சேர்ந்தபோது மூடியின் மேல் 'திறக்க வேண்டாம்' என்று ஒட்டியிருந்தார்கள். மாமனாரும் கொழுந்தனும் இரண்டு பக்கமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தைப் பார்க்காமலே அடக்கம் முடிந்தது.

அழுகை ஓய்ந்து, ஓய்ந்த இடத்தில் வயிறு எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சல் அணையவே இல்லை. லீவு என்று எப்படித் தெரியும் என்றானே, தெரிந்துகொள்ள முடியும் என்று காட்டுகிறேன் பார் என்று கறுவிக்கொண்டு அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள். மூன்றாவது வருஷம் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். விடுமுறையிலும் சாவுக்கென்று, கைதுக்கென்று ஓர் அவசர எண்ணைப் பல தூதரகங்கள் வைத்திருக்கின்றன. கூப்பிட்டால் முறை அதிகாரி ஒருவர் வந்து முத்திரை போட்டுக்கொடுப்பார். அன்றைக்கும் அந்த எண் இருந்திருக்கிறது. அந்த ஆள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அதைத் தெரிந்துகொண்ட அன்று அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கையைக் கடித்துக்கொண்டாள்.

அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே அந்த ஆள் ஏஜென்சியை விட்டு விலகி இந்தத் தெருவில் சொந்தமாக அலுவலகம் போட்டிருந்தார். தெருவுக்கு அவர் டைக்காரர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் டையைக் கழற்ற மாட்டார். அவர் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டு, சதை போட்டு, முன்மயிர் நரைத்துவிட்ட இந்த அம்மாளுக்குள் அன்றைக்குச் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற பெண் இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வருஷமாக அவள் அவருடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய வாடிக்கையாளர்களை மட்டும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டாள். "அங்க நாளைக்குன்னு சொன்னாங்களா? குடுங்க, இன்னைக்கே போயிடும்." ஒவ்வொரு தடவையும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்குள் மறுபடி எரியும்.

டைக்காரர் அவளிடம் பட்டியலைக் கேட்க வெட்கப்பட்டார். தெருவில் மற்றவர்கள் உள்ளே வந்து ஒரு பிரதி வாங்கிப் போவார்கள். டைக்காரர் மட்டும் மாதத்தின் முதல் வேலைநாள் காலை ஏழரைக்கு, தெரு திறக்கும் முன்னால், தன் மச்சானை அனுப்புவார். மச்சான் போனில் பேசுகிற மாதிரி நடந்துகொண்டே வந்து, கண்ணாடிக் கதவுக்கு நேராக நின்று, படக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போவான். பூனை பால் குடிக்கிற அழகு. அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். "திருடட்டும்" என்று விட்டிருந்தாள்.

அந்த வருஷம் ஜனவரியில் டைக்காரர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஒரு காலண்டர் அடித்தார். ஜெராக்ஸ் கடைக்காரி ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் போட்டாள். வழவழப்பான தாளில் நாற்பத்தொரு நாட்டு விடுமுறையும் அச்சாகியிருந்தது. வருஷக் கடைசியில் அவள் ஒட்டிய அடுத்த வருஷப் பட்டியல் எழுதியது எழுதியபடி, அவள் போடும் நட்சத்திரக் குறிகூட அப்படியே. கீழே, 'எங்கள் நீண்ட அனுபவத்தில் தயாரித்தது'.

"நீண்ட அனுபவமாம்க்கா" என்று ஜெராக்ஸ்காரி சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு என்று தெரியாது என்று சொல்லி அவள் புருஷன் முகத்தை மறைத்த ஆள், இன்றைக்கு அவள் கற்ற லீவை எல்லாம் தன் அனுபவம் என்று அச்சடித்துக் கொடுக்கிறார். அன்றைக்கு முடிவு செய்தாள். இனி சில்லறைப் பழி போதாது. நீண்ட அனுபவம் நடுத்தெருவில் சந்தி சிரிக்க வேண்டும்.

காத்திருந்தாள். அவசரப்படுகிற பிறவி இல்லை அவள். ஜூலை வந்தது. ஒரு நாட்டின் தேசிய தினத்துக்கு வழக்கமாகப் பதினைந்து, பதினாறு என்று இரண்டு நாள் விடுமுறை, இந்த வருஷம் அது செவ்வாய், புதன். அந்த நாட்டு அரசாங்கம், நீண்ட வார இறுதி கிடைக்கட்டும் என்று, இந்த வருஷம் மட்டும் அதைப் பதினேழாம் தேதி வியாழனுக்குத் தள்ளி, வெள்ளியையும் சேர்த்து விட்டிருந்தது. திங்கட்கிழமை இந்த நாட்டு விடுமுறை. ஆக வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள் பூட்டு. தூதரகத்து ஆபரேட்டர் போனில் சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். வேறு எவருக்கும் இது இன்னும் தெரியாது.

இரண்டு பட்டியல் எழுதினாள். ஒன்றில் வியாழன் வெள்ளி விடுமுறை, சிவப்பு மையில். மற்றதில் வழக்கம்போலச் செவ்வாய் புதன் விடுமுறை, வியாழன் வேலைநாள். ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் கதவைப் பூட்டும்போது பொய்ப் பட்டியலை ஒட்டினாள். மறுநாள் காலை ஏழரைக்கு மச்சான் வந்தான், எடுத்தான், போனான். எட்டே காலுக்கு அவள் வந்து அதை உரித்தெடுத்து, நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, நிஜப் பட்டியலை ஒட்டினாள்.

யாருக்கும் பெரிய நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டிருந்தாள். யாரோ ஒருவருடைய படிப்புச் சான்றிதழ் ஒரு வாரம் தாமதமாகும், அவர் வந்து டைக்காரரைக் கிழி கிழி என்று கிழிப்பார், தெரு வேடிக்கை பார்க்கும். சாவுக் காகிதம் அதில் மாட்டாது. டைக்காரர் சாவு கேஸ் எடுப்பதே இல்லை. யார் அழுதுகொண்டு வந்தாலும் வாசலிலேயே, "வேற எங்கயாவது போங்க" என்று சொல்லிவிடுவார். மெத்தனம், வேலைக்கள்ளன் என்று தெரு பேசும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு எதிரே சத்தம் கேட்டது. அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். வயதான மனுஷன் ஒருவர், காக்கிச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை, டைக்காரரின் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மச்சான் நடுவில் புகுந்து விலக்கினான். முழுக்கக் கேட்கவில்லை என்றாலும், "பூட்டியிருக்கு! திங்கள் வரைக்கும் பூட்டியிருக்கு!" என்பது நன்றாகக் கேட்டது. தெரு கூடிவிட்டது. அவள் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். டைக்காரரின் டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. அப்பா, எத்தனை வருஷத்துக் காட்சி! ஒவ்வொரு வாயாக ருசித்துக் குடித்தாள்.

பாதி டம்ளரில் ஜெராக்ஸ்காரி உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பாவம்க்கா அந்த ஆளு. ஸ்கூல் பஸ் டிரைவராம். பொண்ணு அந்த நாட்டு ஆஸ்பத்திரில வேலை பார்த்துச்சாம். போன வெள்ளிக்கிழமை ரோட்டுல அடிபட்டு..."

"என்னது?"

"செத்துப்போச்சுக்கா. சம்மதக் கடிதத்துக்கு சீல் வேணுமாம். செவ்வாய்க்கிழமையே வந்திருக்காரு. இன்னைக்கும் நாளைக்கும் தூதரகம் லீவு, வியாழக்கிழமை மொத ஆளா குடுத்துடலாம்னு டைக்காரர் சொன்னாராம்."

செவ்வாய்க்கிழமை தூதரகம் திறந்திருந்தது. புதனும் திறந்திருந்தது. திறந்திருந்த கதவைப் பூட்டியிருக்கிறது என்று எழுதியது யார் கை என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். டம்ளரை மேஜையில் வைத்தாள். டீ தளும்பிப் பட்டியல் நகல்களின் மேல் சிந்தியது. துடைக்காமல் எழுந்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தெருவைத் தாண்டினாள்.

டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முன்னால் குனிந்தாள். "ஐயா, அந்தக் காகிதத்தைக் குடுங்க." அவர் கொடுத்தார். கடிதம் இருந்தது, மொழிபெயர்ப்பு இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. டைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவசர எண் மனப்பாடம். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார்கள். காவலாளி, அப்புறம் யாரோ ஒருவர், அப்புறம் முறை அதிகாரி. பின்னால் பாட்டும் குழந்தைகள் கத்துவதும் கேட்டது. அவர்களுக்குத் தேசிய தினமாயிற்றே. "மூணு மணிக்கு சைடு கேட்டுக்கு வாங்க" என்றார்.

டாக்சி பிடித்து அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனாள். முத்திரை விழ நாலேகால் ஆயிற்று. அங்கிருந்தே படம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். விமானத்தில் இடம் கேட்டு மூன்று பேரிடம் மல்லுக்கு நின்றாள். சனிக்கிழமை புறப்படும், ஞாயிறு காலை வந்துவிடும் என்று உறுதியான பிறகுதான் உட்கார்ந்தாள். டிரைவர் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க யாரோ எவரோ. தெய்வமா வந்தீங்கம்மா."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. "உங்க போன் நம்பரைக் குடுங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

டைக்காரர் ஏற்கெனவே பில் போட்டிருந்த காகிதங்களின் நகலைத் திருப்பிக் கொடுக்க அவர் அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. தெரு கலைந்துபோயிருந்தது, மச்சானையும் காணோம். டைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். டையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். டை இல்லாமல் அந்தக் கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்தது.

"உட்காருங்கம்மா" என்றார். அவள் நின்றாள்.

"உங்க பட்டியல்ல செவ்வாய், புதன்னு போட்டிருந்துச்சும்மா. போட்டோ இருக்கு."

"என் கதவுல வியாழன்னுதான் இருக்கு. சிவப்பு மையில. இங்கிருந்தே தெரியுது, பாருங்க."

அவர் பார்த்தார். தெரிந்தது. போனைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். "அப்போ மச்சான் ஏதோ பழசை எடுத்துட்டு வந்துட்டான் போல. தாண்டி வந்து ஒரு தடவை நானே பார்த்திருக்கணும். உங்க எழுத்துன்னா தப்பே வராதுன்னு நம்பிட்டேன்" என்றார். சந்தேகம் அவருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

"சாவு கேஸ் எடுக்க மாட்டீங்களே. இதை மட்டும் ஏன் எடுத்தீங்க?"

"அந்த டிரைவர் என் பொண்ணை பத்து வருஷம் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவரும்மா. முடியாதுன்னு சொல்ல வாய் வரல." கொஞ்ச நேரம் டையை உருட்டிக்கொண்டிருந்தார். "நான் எடுக்காததுக்குக் காரணம் இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. பத்தொன்பது வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. இடுப்புல குழந்தை. புருஷன் செத்துட்டான். மணி பதினொன்னேகால். அன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தருக்கு வழியனுப்பு விழா. மாடில கேக் வெட்டப் போறாங்கன்னு கூப்பிட்டுட்டாங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள்லேருந்து அஞ்சு நாள் லீவு."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஏன் என்று தெரியாமலே இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லையோ, மேலதிகாரி திட்டியிருப்பாரோ என்றெல்லாம் அவளே அவருக்காகக் காரணம் தேடிப் பார்த்த நாட்கள் உண்டு. கேக்! ஒரு துண்டு கேக்குக்காக.

"அதுக்கு மேல அந்தப் பொண்ணுகிட்ட வள்ளுனு விழுந்தேன். என் மேலதான் தப்புன்னு தெரிஞ்சதால விழுந்தேன். அப்புறம் விசாரிச்சேன், முகத்தைக்கூட பார்க்க விடலையாம். வீட்டைத் தேடிட்டுப் போனேன். காலி பண்ணிட்டாங்க. பேரு மறந்துபோச்சும்மா. முகம் மட்டும் மறக்கல. அப்படியே கண்ணுல நிக்குது." அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

அவள் வாய் திறந்தது. சொல்லிவிட்டால் போதும், இந்த மனுஷன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவார். அழுவார், கும்பிடுவார், காலைப் பிடிப்பார். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்குவார். அந்தக் கடைசி விஷயம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வேலையெல்லாம் இப்போ உங்ககிட்டதானே வருது" என்றார் அவர். "எப்பவாவது அப்படி ஒரு அம்மா வந்து, பேச்சு வாக்குல சொன்னா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுடறேன். அது போதும் எனக்கு."

"வந்தா சொல்றேன்" என்றாள். நகல்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டைக்காரரை நினைத்து அல்ல, அவரை வைக்க வேண்டிய இடத்தில்தான் அவள் வைத்திருந்தாள். டிரைவரை நினைத்துத்தான். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே, அந்த ஈரம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். "ஐயா, அந்தத் தேதியைத் தப்பா எழுதினது நான்" என்று. மகள் குளித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தாள்.

மதியம் மூன்று மணிக்கு வந்தது. துணி அலசிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"முடிஞ்சதும்மா" என்றார் டிரைவர். "மூடியில ஒரு சின்னக் கண்ணாடி வச்சிருந்தாங்க. அது வழியா முகத்தைப் பார்த்தோம். ஒரு நிமிஷம்தான் விட்டாங்க. பெட்டியைத் திறக்கலாமான்னு அவ அம்மா கெஞ்சுனா. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா திறந்திருக்கலாம், தொட்டுக்கூட பார்த்திருக்கலாம், இப்போ வேண்டாம்னுட்டாங்க."

அவள் திறந்துகிடந்த குழாயை மூடினாள்.

"நீங்க இல்லேன்னா அதுவும் இல்லம்மா. ஆனா அந்த டைக்காரன். அவன் பொண்ணை பத்து வருஷம், மழைனாலும் வெயில்னாலும், ஒரு நாள் தவறாம கொண்டுபோய் விட்டேன். என் பொண்ணுக்கு ஒரு தேதியைப் பார்த்துச் சொல்ல முடியல அவனால. உங்க கதவுல கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன். தெருவைத் தாண்டி வந்து பார்க்க அவனுக்கு உடம்பு வணங்கல." குரல் உடைந்து, பிறகு கெட்டியாயிற்று. "நான் அவனை சும்மா விடமாட்டேன்மா. எனக்கு என்ன வேலை இருக்கு இனிமே? அவன் கடை வாசல்லயே போய் உட்காருவேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன்."

இதுதான் நேரம். வார்த்தைகள் நாக்கில் வரிசையாக நின்றன. "ஐயா" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கம்மா."

டை இல்லாத அந்தக் கழுத்து நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்தக் கேக்.

"விடாதீங்க" என்றாள்.